செய்தவர் கைவிட்ட கருவிகள்

(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு)

ஆயுத பூசை நாளில் தறிக்குச் சந்தனப் பொட்டு வைத்து வணங்குவது எங்கள் ஆரணியின் வழக்கம். இப்போது கணினிக்கும் பொட்டு வைக்கிறோம். சோறு போடும் கருவி எதுவாயினும் அது தொழுதற்குரியதே. ஆனால் இவ்விரு கருவிகளுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அதைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறேன்.

என் தந்தையார் பட்டு நெசவாளர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். மாலை நேரங்களில் ஒரு ஸ்டூடியோவில் திருமண ஆல்பம் வடிவமைத்துப் படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்கிறேன்.

போட்டோஷாப் என்னும் மென்பொருளை நம்மில் பலர் அறிவோம். பிற நிறுவனங்கள் செய்து தரும் சிறு மென்பொருள்களை அதனோடு இணைத்துக்கொள்ளலாம். இவற்றைப் 'பிளக்-இன்' என்பர். மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்திலுள்ள புள்ளிகளை ஒன்று நீக்கும். மற்றொன்று மயில்கழுத்து நிறச் சேலையின் சாயலைச் சீராக்கித் தரும். இவற்றைச் செய்தவர் கைவிட்டுவிட்டால், வாங்கியவர் பாடு திண்டாட்டம்தான்.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு 'நிக் கலெக்‌ஷன்' என்னும் பிளக்-இன் தொகுப்பு. அதை உருவாக்கிய நிறுவனத்தை 2012இல் கூகுள் வாங்கியது. 2016 மார்ச்சில் தொகுப்பை இலவசமாக்கியது. மகிழ்ந்தவர் பலர். 2017 மே மாதத்தில், இனி அதைப் புதுப்பிக்கும் எண்ணமில்லை என்ற அறிவிப்பு வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் பிரான்சு நாட்டின் டி.எக்ஸ்.ஓ. நிறுவனம் அதை விலைக்கு வாங்கி, 2018இல் மீண்டும் வெளியிட்டது. அந்தத் தொகுப்பு பிழைத்தது. அநாதையான எல்லாக் கருவிகளையும் தத்தெடுக்க ஆள் வருவதில்லை.

எங்கள் ஸ்டூடியோவில் பயன்பட்ட ஒரு பிளக்-இன்னுக்கு எவரும் வரவில்லை. புதுக் கணினி வாங்கிப் புதிய போட்டோஷாப்பை நிறுவியபோது, பட்டியலில் அதன் பெயரே காணோம். அது தை மாதம். முகூர்த்த ஆல்பங்கள் தேங்கின. "மெஷின்தான் புதுசு, வேலை நின்னுபோச்சே தம்பி!" என்று ஸ்டூடியோ அண்ணன் தலையில் கை வைத்தார். பல நாள் முயன்று நாங்கள் அறிந்தவை பிறருக்கும் பயன்படலாம்.

பிளக்-இன்னின் பெயர் மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். படம் சி.எம்.ஒய்.கே. முறையிலோ 16 பிட் அளவிலோ இருந்தால் பழைய பிளக்-இன்கள் பல இயங்கா. ஆர்.ஜி.பி., 8 பிட் என மாற்றினால் விழித்துக்கொள்ளும். பெயரே இல்லையெனில், பழைய போட்டோஷாப்பின் கோப்புறையில் அது தங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். புதிய பதிப்புக்குத் தனிக் கோப்புறை உண்டு. அதற்குள் மீண்டும் நிறுவ வேண்டியிருக்கும்.

மூன்றாவது நோய்தான் கொடியது. 2008இல் வந்த சி.எஸ்.4 பதிப்பிலிருந்து விண்டோசில் 64 பிட் போட்டோஷாப் கிடைத்தது. சில ஆண்டுகள் 32 பிட் வகையும் உடன் வந்தது. பின்னர் அது நின்றுவிட்டது. 32 பிட்டுக்கெனச் செய்த பிளக்-இன்னை 64 பிட் மென்பொருள் ஏற்காது. செய்தவரே திருத்தித் தந்தாலன்றி வழியில்லை. எங்களுடையது இந்த வகை. ஆகவே பழைய கணினியை இணையத் தொடர்பின்றித் தனியே வைத்து, அந்த ஒரு வேலையை மட்டும் அதில் முடித்து, படத்தை டிஃப் வடிவில் சேமித்துப் புதிய கணினிக்குக் கொண்டு வருகிறோம். அது நின்றுபோகும் நாளும் ஒருநாள் வரும்.

இதைக் கேட்ட என் தந்தையார், "ஜக்கார்டுல அட்டை கிழிஞ்சா வேற அட்டை குத்திப் போட்டுக்கறோம். இதுல அப்படி முடியாதாப்பா?" என்றார். எளிய கேள்விதான், ஆனால் நோயின் வேரைத் தொட்டுவிட்டது. 1804இல் பிரான்சில் ஜக்கார்டு செய்த பொறியில், துளை இருந்தால் பாவு நூல் எழும், இல்லையேல் எழாது. அட்டையைப் பார்த்தே அதன் வேலையை அறியலாம். மூடிய பிளக்-இன்னோ இயந்திர மொழியில் இருப்பது. அதன் மூலநிரல் செய்தவரிடம் மட்டுமே உள்ளது.

மூலநிரலைத் திறந்து வைத்திருக்கும் கிம்ப் போன்ற மென்பொருள்களும் உள்ளன. 2025 மார்ச்சில் கிம்ப் 3.0 வந்தபோது அதிலும் பழைய பிளக்-இன்கள் இயங்காமற் போயின. ஆயினும் மூலநிரல் கையில் இருப்பதால், கற்றவர் எவரும் அவற்றைத் திருத்தி உயிர்ப்பிக்கலாம். கிழிந்த அட்டைக்கு வேறு அட்டை குத்துவது போன்றதே இது.

இது ஸ்டூடியோக்காரர் கவலை மட்டுமன்று. மின்னணு ஜக்கார்டு கைத்தறிக்கும் வந்துவிட்டது. அட்டையில் இருந்த பூவும் அன்னமும் இன்று கோப்புகளில் இருக்கின்றன. அந்த மென்பொருள் கைவிடப்பட்டால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பு அணையும். ஆதலின், டிசைன்களைப் பி.எம்.பி. போன்ற பொது வடிவிலும் கேட்டு வாங்கி வைக்குமாறு நெசவாளர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் நாமே. நிரல் எழுதக் கற்கும் நண்பர்களும் ஒன்றை நினைவிற்கொள்க: நாம் விலகிய பின்னரும் பிறர் திறந்து பழுதுபார்க்கக் கூடிய கருவியே நல்ல கருவி.