வெள்ளவத்தை மணலில் வாழும் அலவன்

கொலன்னாவையில் சதுப்பு நிலம் உண்டு, கடல் இல்லை. ஆதலால், சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் பேரனை அழைத்துக்கொண்டு பஸ் ஏறி வெள்ளவத்தையை அடைந்தேன். மரைன் டிரைவ் வீதியையும் புகையிரதப் பாதையையும் கடந்து, அரண் கற்களுக்கு அப்பால் எஞ்சியிருந்த மணலில் கால் வைத்தோம். “அம்மப்பா, மணல் ஓடுகிறது!” என்று கூவினான் சிறுவன்.

ஓடியது மணலன்று, மணலின் நிறத்தையே தன் நிறமாகக் கொண்ட பேய்நண்டு. நண்டை அலவன் என்றனர் சங்கப் புலவர். அதனை விரட்டி விளையாடுவது நெய்தல் நில மகளிரின் பொழுதுபோக்கு. ஜெர்மானிய அறிஞர் பல்லாஸ் 1772ஆம் ஆண்டில் இவ்வினத்துக்குக் ‘கொம்புக்கண்’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். வளர்ந்த நண்டின் கண்களுக்கு மேல் கூரிய கொம்பு நீண்டிருப்பதே காரணம். நொடிக்கு ஏறத்தாழ 2 மீற்றர் தூரம் பக்கவாட்டில் ஓடும் இதனை மகளிர் எங்ஙனம் விரட்டினரோ!

பேரன் எப்படியோ ஒரு குஞ்சு நண்டைப் பேணியில் அடைத்துவிட்டான். வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்ப்பானாம்.

“தண்ணீர் ஊற்றி வைப்போமே, அம்மப்பா?”

“நெடுநேரம் நீரில் அமிழ்த்தினால் மூச்சுத் திணறி இறந்துவிடும், ராசா.”

“அப்படியானால் உலர்ந்த மணல்?”

“அதிலும் இறந்துவிடும்.”

அவன் திகைத்தான். இந்நண்டு மூச்சுவிடுவது செவுள்களால். அவை எப்போதும் ஈரமாயிருத்தல் வேண்டும். கால்களின் அடியிலுள்ள மெல்லிய மயிர்கள் ஈரமணலிலிருந்து நீரை உறிஞ்சித் தருகின்றன. பகல் வெம்மைக்கு அஞ்சி, சில வேளை ஒரு மீற்றர் ஆழம்வரை வளை தோண்டி ஒளிந்திருக்கும். இரவில் இரைதேட வெளிவரும். தாய் நண்டு முட்டைகளைப் பொரிக்கவிடுவதற்கு அலையை நாடும். குஞ்சுகள் கடலில் மிதந்து வளர்ந்து, மீண்டும் கரையேறும்.

ஆகவே கடலும் அதன் வீடன்று, நிலமும் வீடன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட மணற்கீற்றே வீடு. கடலரிப்பைத் தடுக்க நாம் கற்களைக் குவிக்கிறோம். ஒரு புறம் கல், மறு புறம் அலை. நடுவே அக்கீற்று ஒடுங்குகிறது. பல நாடுகளில் அறிஞர்கள் நண்டு வளைகளை எண்ணியே கடற்கரையின் நலத்தை மதிப்பிடுகின்றனர்.

இதைச் சொன்னதும் பேரன் பேணியைக் கவிழ்த்தான். நண்டு மறைந்தது. பின்னர் அவன் குனிந்து வளைகளை எண்ணத் தொடங்கினான். இருள்வதற்குள் இருபத்துமூன்று எண்ணினான்.

“அடுத்த முறையும் எண்ணுவோம், அம்மப்பா. குறைந்திருக்கக் கூடாது.”

அதுவே என் வேண்டுதலும்.