பாலைவனம் பார்த்தவர் சொன்னது

"என்னா வெயிலுப்பா... நம்ம ஊரு பாலைவனமாவே ஆயிப்போச்சு!"

மே மாதம் புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்த டீக்கடையில் நின்றாலும் இந்த வசனம் காதில் விழும். அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமத்துக் கடையில் இதைக் கேட்ட ஒருவர் மட்டும் சிரித்தாராம். "அண்ணே, நான் பாலைவனத்துலேர்ந்துதான் வந்திருக்கேன். அது வேற, இது வேற."

குவைத்தில் பன்னிரண்டு வருடம் கட்டட வேலை பார்த்தவர். சிரிக்க அவருக்கு உரிமை உண்டு!

குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே அரசாங்க உத்தரவே இருக்கிறது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் குழாயில் கொதிக்குமாம். குளிக்க வேண்டுமானால் முந்தின இரவே வாளியில் பிடித்து ஆற வைக்க வேண்டும். காற்று காய்ந்திருக்கும் நாட்களில் வேர்வை வருவதே தெரியாது, சட்டையில் உப்பு மட்டும் வெள்ளையாகப் படிந்திருக்கும். நம் ஊரில் 40 டிகிரிக்கே சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொள்கிறதே, அதற்குக் காரணம் வங்கக் கடலிலிருந்து வரும் ஈரம்.

சரி, பாலைவனம் எப்படி உண்டாகிறது? பலரும் நினைப்பது போல வெயிலால் மட்டும் அல்ல. பூமத்திய ரேகைப் பக்கம் சூடான ஈரக் காற்று மேலே எழும்பி, மழையைக் கொட்டிவிட்டு, வடக்கிலும் தெற்கிலும் நகர்ந்து போய் 20 முதல் 30 டிகிரி அட்சரேகை வாக்கில் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தப்பட்டு இன்னும் சூடாகிறது. மேகம் கட்ட வழியில்லை. சகாரா, அரேபியா, நம்முடைய தார் எல்லாமே இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. புதுக்கோட்டையோ பத்தரை டிகிரியில் இருக்கிறது.

கோப்பென் என்ற ஜெர்மானிய அறிஞர் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். வெப்பத்தையும் மழையையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு. சராசரி வெப்பம் 28 டிகிரி உள்ள ஊரில், மழை வருடத்தின் இரண்டு பாதியிலும் பரவலாகப் பெய்தால், மொத்தம் 350 மி.மீட்டருக்குக் கீழே போனால்தான் அது பாலைவனம். குவைத்தில் சுமார் 110 மி.மீ. பெய்கிறது. புதுக்கோட்டையில் 800 முதல் 900 மி.மீ.! அதாவது எட்டு மடங்கு. யோசித்துப் பாருங்கள் நண்பர்களே, எட்டு பங்கு மழை வாங்கும் ஊர்க்காரர்கள் ஒரு பங்கு மழை வாங்கும் நாட்டுக்குப் பிழைக்கப் போகிறார்கள். (அந்த நாட்டில் எண்ணெய் இருக்கிறது என்பது வேறு விஷயம்.)

மழை பொய்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. ஆனால் நல்ல மழை பெய்த வருடங்களிலும் கண்மாய் நிறையவில்லையே? மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. அந்தக் காலத்துக் கல் குமிழிகள் பல கண்மாய்களில் இன்னும் நிற்கின்றன. வரத்து வாய்க்கால்தான் இல்லை. சிலது வீடாகிவிட்டது, சிலது கருவேலங்காடு. தைலமரக் காடுகளில் போட்ட வரப்புகள் தண்ணீரை மறித்துவிடுகின்றன என்று விவசாயிகள் ரொம்ப காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

குவைத்காரருடைய அப்பாவின் நிலம் அப்படிப்பட்ட ஒரு கண்மாயின் ஆயக்கட்டில்தான் இருக்கிறது. முதலில் கிணறு வற்றியது. பிறகு முந்நூறு அடியில் போர். அதுவும் போய் அறுநூறு அடி. மூன்றாவது போரில் புழுதிதான் வந்தது. பாலைவனத்தில் சம்பாதித்த காசில் பாதி அந்தக் குழிகளுக்குள் போனது.

சிலப்பதிகாரத்தில் ஓர் ஆச்சரியம் உண்டு. பாலை என்று தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் தங்கள் இயல்பு கெட்டால் எடுக்கும் வடிவம்தான் அது என்று காடுகாண் காதை சொல்கிறது. கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்லும் ஒரு மறையவர் பேசுவதாக வரும் இடம் அது. அதே பேச்சில் அவர் வழியில் வரும் ஒரு பெரிய குளத்தையும் குறிப்பிடுகிறார். எந்த ஊர்க் குளம் தெரியுமா? நம் மாவட்டத்துக் கொடும்பாளூர்!

குவைத்காரர் ஜூலையில் திரும்பிப் போய்விட்டார். ஐப்பசியில் இரண்டு நாள் அடித்த மழையில் ஊர் ரோட்டின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. அதை மச்சான் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அங்கிருந்து ஒரு வரிதான் பதில் வந்தது.

"அது சரி மச்சான், கண்மாய்க்குப் போச்சா?"