ஆசிரியரை ஆக்குவது யார் கடன்?

1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, இந்நாட்டு ஏழை மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறந்தது. கன்னங்கராவின் பெயரை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால், திறந்த கதவின் உள்ளே கற்பிக்க ஓர் ஆசிரியர் இல்லையெனில், அந்த உரிமையால் யாருக்குப் பயன்?

இக்கேள்வியின் கூர்மையை மலையகத் தோட்டப்புறங்களிற் காணலாம். தோட்டப் பாடசாலைகள் 1970களிலேதான் அரசின் கைக்கு வரத் தொடங்கின. பிந்தித் தொடங்கிய அப்பயணத்தின் வடு இன்னும் ஆறவில்லை. பௌதிகவியலையும் இணைந்த கணிதத்தையும் தமிழிற் கற்பிக்க ஆளின்றி, உயர்தர விஞ்ஞான வகுப்பே இல்லாத பாடசாலைகள் அங்கே பல. ஆற்றலிருந்தும் பிள்ளைகள் கலைப்பிரிவிற் சேர்கின்றனர். எனவே, அப்பகுதியிலிருந்து விஞ்ஞானபீடம் புகுவோர் அரியர். பட்டம்பெற்று ஆசிரியராய்த் திரும்புவோர் அவரினும் அரியர். ஆசிரியர் இன்மையால் மாணவர் இல்லை; மாணவர் இன்மையால் ஆசிரியர் இல்லை. இந்த வட்டத்துக்கு வெளியே நின்று பார்ப்பதன்று பல்கலைக்கழகம். அதுவும் இவ்வட்டத்தின் ஒரு கண்ணியே.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டங்களுக்கு 55 வீதமும், நுவரெலியா, பதுளை உள்ளிட்ட 16 பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதமும் ஒதுக்கப்படுகின்றன. உள்ளே வருவதற்கு வழி செய்தோம். கற்றவர் தம் மக்களிடம் திரும்பிச் செல்வதற்கு வழி செய்தோமா?

நான் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்றவன். தொல்காப்பியச் சூத்திரமொன்றுக்கு உரைகாரர் கொள்ளும் வேறுபாட்டை ஆராயப் பல்கலைக்கழகம் கற்பித்தது. அதற்கு என்றும் நன்றியுடையேன். ஆனால், ஏழாந் தரத்துக்கு வந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் சிறுவனுக்கு என்ன செய்வதென்று அங்கே எவரும் சொல்லவில்லை. நியமனக் கடிதத்தோடு நேரே வகுப்பறைக்கு அனுப்பப்பட்டோம். பட்டமேற் கல்வி டிப்ளோமா, ஆசிரியராகிச் சில ஆண்டுகள் சென்றபின் வார இறுதி வகுப்பாகவே வாய்த்தது. தேசிய கல்வியியற் கல்லூரி மாணவரோ இரண்டாண்டு கற்றபின் ஓராண்டு பாடசாலையிலே கட்டுறுப் பயிற்சி பெறுகின்றனர்.

கல்விமாணிப் பட்டநெறிகள் சில உண்டெனினும், பெரும்பாலான பட்டதாரிகள் அவற்றின் வழியாக வருவதில்லை. வேலையற்ற பட்டதாரிகள் வீதியிலிறங்கும்போதெல்லாம் அரசாங்கங்கள் மொத்தமாக நியமனம் வழங்குகின்றன. 2020 இலும் பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டோர் பலர் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். இது வேலையின்மைக்குப் பூசும் மருந்தேயன்றி ஆசிரியரை உருவாக்கும் முறையன்று.

செய்யவேண்டியவை செய்யமுடியாதவை அல்ல. விஞ்ஞான, கணித மாணவருள் ஆசிரியத்தை விரும்புவோரை முதலாண்டிலேயே இனங்கண்டு, வாழ்க்கைச் செலவுக்குப் போதிய உதவித்தொகை வழங்கலாம். இரண்டாமாண்டு முதல் வாரத்தில் ஒருநாள் அயற் பாடசாலையிலே அனுபவமிக்க ஆசிரியரின் துணையோடு அவர்கள் கற்பிக்கலாம். பட்டம் பெற்றதும் கஷ்டப் பிரதேசங்களிலே சில ஆண்டுகள் சேவையாற்ற ஒப்பந்தம் செய்யலாம். ஒப்பந்தம் மட்டும் போதாது. தங்குவதற்கு விடுதியும், பயணத்துக்குப் படியும் இல்லாத இடத்திலே எந்த இலட்சியவாதியும் இடமாற்ற விண்ணப்பத்தையே எழுதுவான்.

"பல்கலைக்கழகம் ஆய்வுக்கூடம், ஆசிரியர் கலாசாலையன்று" என்று விரிவுரையாளர் சிலர் கூறுவர். அங்ஙனமாயின் மருத்துவபீடத்துக்குப் போதனா வைத்தியசாலை எதற்கு? மருத்துவ மாணவன் நோயாளியின் படுக்கையருகே நின்று கற்பதனால் மருத்துவ விஞ்ஞானம் தாழ்ந்துவிட்டதா? மனித உடலைத் தொடுமுன் ஒருவனுக்குப் பயிற்சி வேண்டுமெனில், மனித உள்ளத்தைத் தொடுமுன் வேண்டாமா?

பல்கலைக்கழகம் மக்களின் உழைப்பிலே நிற்கிறது. கொழுந்து பறிக்கும் தாயின் வியர்வையும் அதன் அத்திவாரத்தில் உண்டு. அவள் பிள்ளைக்கு ஓர் ஆசிரியரை அனுப்புதல் அப்பல்கலைக்கழகம் செய்யும் தருமமன்று, தீர்க்கவேண்டிய கடன். அக்கடனைக் கேட்டு வாங்க, ஆசிரியர் சங்கங்களும் மாணவர் ஒன்றியங்களும் ஒரே குரலாய் எழவேண்டும்.