துருவக் கடலைத் தட்டிப் பார்த்தார்கள்!

மண்பானை வாங்கும்போது என்ன செய்கிறீர்கள்? விரலால் தட்டிப் பார்க்கிறீர்கள். ஓசையைக் கொண்டே நல்ல பானையா, விரிசல் விட்டதா என்று சொல்லி விடுகிறீர்கள் அல்லவா? சமுத்திரத்தையும் அப்படித் தட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வாருங்கள், அவர்களோடு வட துருவம் வரை போய் வருவோம். கம்பளியை மட்டும் மறந்துவிடாதீர்கள்!

1991-ஆம் வருஷம். கோடைகாலந்தான், ஆனாலும் எங்கே பார்த்தாலும் பனிக்கட்டி. ஸ்வீடனின் 'ஓடன்', ஜெர்மனியின் 'போலார்ஸ்டெர்ன்' என்ற இரு கப்பல்கள் பனியை உடைத்துக்கொண்டு சென்று, செப்டம்பர் 7-ஆம் தேதி துருவத்தையே எட்டின.

வழியில்தான் தட்டும் வேலை. கப்பலின் பின்னால் நீருக்குள் ஒரு காற்றுத் துப்பாக்கி. அடைத்து வைத்த காற்று 'டப்'பென்று வெடிக்கும். அந்த ஓசை கடலடிக்குச் சென்று, அதற்கும் கீழேயுள்ள ஒவ்வொரு மண்ணடுக்கிலும் மோதி எதிரொலிக்கும். அதைக் கேட்பதற்காக ஒலிவாங்கிகள் கோத்த ஒரு நீண்ட வடம் பின்னால் மிதந்து வரும். மற்றக் கடல்களில் இது பல கிலோமீட்டர் நீளம் இருக்கும். இங்கே அவ்வளவு நீளம் விட்டால் பனிக்கட்டி அறுத்துவிடும்! ஆகவே குட்டை வடந்தான்.

அது போதாதென்று, பனி நொறுங்கும் சத்தம் வேறு. கல்யாண வீட்டு மேளத்துக்கு நடுவே ரகசியம் கேட்பது போலத்தான். அதற்கும் வழி உண்டு. பல முறை பதிவான எதிரொலிகளைக் கணிப்பொறியில் ஒன்றாகக் கூட்டுவார்கள். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும், எதிரொலி வலுக்கும். கடைசியில், அலமாரியில் அடுக்கிய புடவைகளைப் போல மண்ணடுக்குகள் படத்தில் தெரியும்.

லோமொனோசோவ் என்ற கடலடி மலைத்தொடரின்மேல், 400 மீட்டருக்கு மேல் கலையாத அடுக்குகள் அப்படித் தெரிந்தன. படத்தை நம்பி 2004-இல் மூன்று கப்பல்கள் போயின. இரண்டு கப்பல்கள் பனியை உடைத்துக்கொண்டே இருக்க, மூன்றாவது துளையிட்டது.

மேலே வந்த மண்ணில் என்ன இருந்தது தெரியுமா? நம் நெல் வயல்களில் உரமாக வளர்க்கிறோமே, அந்த அசோலாவின் மூதாதை! 4.9 கோடி வருஷங்களுக்கு முன் அது துருவக் கடலில் மிதந்திருக்கிறது. 5.5 கோடி வருஷங்களுக்கு முன்னரோ, அந்தக் கடல்நீர் 23 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருந்ததாம். அப்போது காற்றில் கரியமில வாயு மிகுந்திருந்ததே காரணம்.

இன்று அந்த வாயுவைப் பெருக்குகிறவர்கள் நாம். சமுத்திரம் பதில் சொல்லிவிட்டது, சகோதரிகளே. நம் காதில் விழுகிறதா?