மடியும் இருக்கையும்

சென்னையிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 620 கிலோமீட்டர். இருவராக இருந்த நாட்களில் விடியலுக்கு முன் காரில் புறப்பட்டுப் பிற்பகலில் போய்ச் சேர்ந்துவிடுவோம். இம்முறை ஒன்றரை வயது மகளும் வருகிறாள். ஆகவே திருச்சியில் ஓரிரவு தங்கல், இரண்டு மணிக்கொருமுறை நிறுத்தம், ஃபிளாஸ்கில் வெந்நீர் என்று பட்டியல் நீண்டது. அதெல்லாம் எளிது. குழந்தைக்கென்று வாங்கிய கார் இருக்கையில்தான் சிக்கல் தொடங்கியது.

“பச்சப்பிள்ளையக் கட்டிப்போட்டா கூட்டிட்டுப் போறது?” என்றார் அம்மா. பிள்ளைகளை மடியில் வைத்தே ஊர் ஊராய்ப் போய்வந்தவர். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதம் என்று சொல்லிப் பார்த்தோம். அசையவில்லை. நாங்கள் மட்டும் அபராதத்துக்கு அஞ்சியா வாங்கினோம்? விரையும் வண்டி மோதி நின்றால் பத்துக் கிலோப் பிள்ளையை எந்த மடியாலும் பிடித்து நிறுத்த இயலாது. அதைச் சொல்லத்தான் நா எழவில்லை.

பயணத்தைக் கைவிடவும் மனமில்லை. ஊரில் தொண்ணூறைக் கடந்த பூட்டி இன்னும் இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து நாட்களாக இருக்கையைக் கூடத்தில் வைத்துப் பழக்குகிறோம். நேற்று அழுகை ஓயாதபோது அம்மா ரசஞ்சோற்றுக் கிண்ணத்தோடு எதிரே வந்து அமர்ந்தார். பாதிக் கிண்ணம் காலியானது. பிறகு, “வார் கழுத்த உறுத்துது பாரு” என்று அவரே அதைச் சரிசெய்தார்.