கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி

பில் போடும் பெண் தலை நிமிராமலே கேட்டார்: "கவர் வேணுமா சார்?" வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாங்கிய ஐந்தாறு பொருள்களைக் கையிலும் கக்கத்திலுமாக இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வீடு வரைக்கும் அந்தச் சொல் கூடவே வந்தது. கவர்.

என் சிறுவயதில் கவர் என்றால் தபால் கவர்தான். கார்டில் எழுத முடியாத சேதியைக் கவரில் வைத்து ஒட்டி அனுப்புவார்கள். அது எப்போது அஞ்சலகத்தை விட்டு இறங்கி வந்து அரைக் கிலோ தக்காளிக்கும் பார்சல் சாம்பாருக்கும் பெயரானது? அரசாங்கம் நெகிழிப் பை என்று எழுதுகிறது. அழகான சொல். நெகிழ்வது, இளகுவது, பிடி தளர்வது எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஆனால் கடையில் நின்று யாரும் அப்படிக் கேட்டு நான் கண்டதில்லை.

பை என்பதோ எத்தனை காலமாக நம்மோடு இருக்கும் சொல்! இரைப்பை, கருப்பை, பித்தப்பை என்று உடம்புக்குள் பத்திரமாக இருக்க வேண்டியதற்கெல்லாம் பையைத்தான் கொடுத்திருக்கிறோம். உடம்பையே காற்று நிரம்பிய ஒரு பையாகத்தான் பாடியது சித்தர் மரபு. அப்படிப்பட்ட சொல் இருக்கும் ஊரில் வெறுங்கையோடு கடைக்குப் போனதை நினைக்க அன்று எனக்கு வருத்தமாக இருந்தது.

சங்கரன்கோவிலில் ஆச்சி வீட்டு முன்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி உண்டு. அதில் மஞ்சப்பை தொங்கும். ஏதோ ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்தது. மணமக்கள் பெயர் துவைத்துத் துவைத்து அழிந்து, ஒரு குத்துவிளக்கின் நிழல் மட்டும் மிச்சம் இருந்தது. நான் வாசலில் செருப்பை மாட்டும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்: "ஏல, பைய எடுத்தியா?" எண்ணெய் வாங்க வேண்டுமென்றால் கழுத்தில் கயிறு கட்டிய புட்டியும் கூட வரும்.

அண்ணாச்சி கடையில் பழைய செய்தித்தாள் கத்தையாக அடுக்கியிருக்கும். கடுகுக்கும் சீரகத்துக்கும் கூம்பு. தாளை ஒரு சுற்றுச் சுற்றினால் கூம்பு ஆகிவிடும். மேல்விளிம்பை மடித்துச் செருகினால் நூல்கூட வேண்டாம். சீனிக்கும் பருப்புக்கும் சதுரப் பொட்டலம். அதற்கு நூல் வேண்டும். உத்தரத்தில் தொங்கும் ஓட்டை டப்பாவுக்குள் நூல்கண்டு கிடக்கும். நுனி மட்டும் இறங்கி வந்து தராசுக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கும். அண்ணாச்சி அதை நிமிர்ந்து பார்க்க மாட்டார். கை தானாக மேலே போகும், இழுக்கும், குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றும், கடைசியில் விரலில் ஒரு சுண்டு. முடிச்சும் விழுந்திருக்கும், நூலும் அறுந்திருக்கும். அப்படிச் சுண்டி அறுக்க நான் வீட்டில் பலமுறை முயன்றிருக்கிறேன். விரலில் சிவப்புக் கோடு விழுந்ததே தவிர நூல் அறுந்ததில்லை.

வீட்டுக்கு வந்தபின் ஆச்சியின் வேலை தொடங்கும். பொட்டலத்தைப் பிய்க்க விடமாட்டாள். முடிச்சை நகத்தால் நெகிழ்த்தி, நூலை முழுசாக எடுத்துத் தன் கண்டில் சுற்றிக்கொள்வாள். வருஷக்கணக்கில் சேர்ந்து அந்தக் கண்டு ஒரு நார்த்தங்காய் அளவுக்குப் பெருத்திருந்தது. பூக்கட்ட, தலையணை உறை பிரிந்தால் தைக்க, அவரைக்கொடியைப் பந்தலில் ஏற்ற எல்லாம் அதிலிருந்துதான் நூல். தாளை நீவி அடுக்கி வைப்பாள். அலமாரித் தட்டில் விரிப்பாள். நைந்த பிறகு அது அடுப்புக்குப் போகும். நான் செய்தித்தாள் படிக்கப் பழகியது அந்தப் பொட்டலத் தாள்களில்தான். பாதியில் கிழிந்த செய்தியின் மீதியை நானே யோசித்துக்கொள்வேன். பையின் காது அறுந்தால் பழைய வேட்டிக் கரையை வைத்துத் தைப்பாள். தைக்க முடியாத அளவுக்குப் போனால் அது கரித்துணி. வீட்டை விட்டு வெளியே போன குப்பை என்று எனக்கு நினைவில் இருப்பது அடுப்புச் சாம்பலும் காய்கறித் தோலும்தான். அதுவும் கொல்லைத் தென்னைக்குப் போயிற்று.

செய்தித்தாளில் தின்பண்டம் மடிக்கக் கூடாது, அச்சு மை உடம்புக்கு ஆகாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் இப்போது சொல்கிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. நான் ஏங்குவது அந்தத் தாளுக்காக அல்ல, அதை நீவிய கைக்காக.

2018 ஜூன் 5 அன்று சட்டப்பேரவையில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. கேரி பேக் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் கூடாது என்பது நம் மாநிலத்தின் முடிவு. மத்திய அரசின் விதி வேறு வழியில் போனது: 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரானுக்குக் குறைந்த பை கூடாது, 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்தது கூடாது. மெல்லிய பை காற்றில் பறக்கும், சாக்கடையை அடைக்கும். ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கில் பொறுக்க வேண்டும் என்பதால் பழைய பொருள் சேகரிப்பவரும் அதைத் தொட மாட்டார். தடித்த பைக்கு எடைக்கடையில் விலை உண்டு. கடைக்காரரும் சும்மா தூக்கிக் கொடுக்கத் தயங்குவார். கணக்கு நியாயமானதுதான். ஆனாலும் மெல்லிய பை இன்னும் கல்லாவுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. நாம் கேட்பதால்தான் ஒளிந்திருக்கிறது.

அந்தத் தடை வந்த அதே 2019இல், அக்டோபர் மாதம், சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றைத் திறந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தார்கள். வாயில்லா ஜீவனின் இரைப்பைக்குள் நம் கைப்பைகள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

52 என்ற எண்ணை வேறொரு இடத்திலும் பார்த்தேன். 2018இல் டென்மார்க் நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை ஒரு கணக்கு வெளியிட்டது. பருவநிலைப் பாதிப்பை மட்டும் வைத்துப் பார்த்தால்கூட, ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 52 முறையாவது பயன்படுத்தினால்தான் அது பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். எல்லாச் சூழல் பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 முறை. பருத்தி விளைய நிலமும் நீரும் உரமும் வேண்டுமே. வாரச் சந்தைக்கு மட்டும் போயிருந்தால்கூட ஆச்சியின் பை ஒரே வருஷத்தில் 52ஐத் தொட்டிருக்கும். 7,100 என்றால் தினம் ஒரு நடை வீதம் பத்தொன்பது வருஷத்துக்கு மேல். காது மாற்றி, ஒட்டுப் போட்டு, கரித்துணியாகி உழைத்த பையால்தான் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நிற்க முடியும்.

என் அலமாரியைத் திறந்து எண்ணினேன். தாம்பூலப் பைகள் 23. பெரும்பாலானவை கல்யாண மண்டபத்திலிருந்து வீடு வரை ஒரு நடைதான் வந்தவை. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியபோது மனம் நிறைந்தவன் நான். கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வந்ததும் பிடித்திருந்தது. பட்டிக்காட்டான் என்று ஏளனம் செய்ய வைத்திருந்த பெயர் மரியாதையோடு திரும்பி வந்ததே! ஆனால் இந்த 23 பைகளைப் பார்த்தபோது, எனக்கு வேண்டியது இன்னொரு பை அல்ல, அந்த ஆணி என்று தோன்றியது.

ஆணி அடிக்க முடியாது. வாடகை வீடு, சுவரில் ஆணி கூடாது என்பது குடிவந்த அன்றே சொன்ன நிபந்தனை. ஆகவே ஒரு பையை முன்கதவின் தாழ்ப்பாளிலேயே மாட்டிவிட்டேன். கதவைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் பையில் கை பட்டாக வேண்டும். நேற்று மாலை மல்லிகைப் பூ வாங்க அது கூட வந்தது. பூக்காரம்மா வாழை இலையில் மடித்து நாரால் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து முடிச்சை நகத்தால் மெல்ல நெகிழ்த்திப் பார்த்தேன். நார் அறாமல் முழுசாக வந்துவிட்டது.