வேதபாடம் அவசரமாகப் போகவேண்டிய பகுதி அல்ல

ஞாயிறு ஆராதனையில் எனக்கு மிகவும் பிரியமான நேரம் எதுவென்று கேட்டால், பிரசங்கம் என்று சொல்லமாட்டேன். சபையார் ஒருவர் எழுந்துபோய் வேதபாடம் வாசிக்கிற அந்தச் சில நிமிடங்கள்தான்.

நெகேமியா 8-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியில் எஸ்றா காலை தொடங்கி மத்தியானம்வரை நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறார். ஜனங்கள் எழுந்து நிற்கிறார்கள், கேட்டு அழுகிறார்கள். லேவியர் அர்த்தம் சொல்லி விளங்கப்பண்ணுகிறார்கள். அங்கே வாசிப்பே ஆராதனை. நாமோ அறிவிப்புகளுக்குத் தாராளமாக நேரம் கொடுத்துவிட்டு, பாடத்தை ஓட்டமாக முடிக்கிறோம். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

நம் நாட்டிலும் வேதம் வாசிக்கக் கேட்டே பரவியது. தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் அச்சேறி முடிந்தது. சமவெளியின் காய்ச்சலுக்குத் தப்பி அமெரிக்க மதுரை மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டியது 1845-ல். அந்த நாட்களில் எழுத்தறியாத விசுவாசிகளுக்கு வேதம் காது வழியாகத்தான் வந்தது. இன்றும் எங்கள் கொடைக்கானல் மலையில், தோட்டவேலைக்குப் போகும் பாட்டிமார் பலருக்கு அப்படித்தான். சங்கீதம் 121 வாசிக்கும்போது, பார்வையில்லாத ஒரு தாத்தா உதடசைத்துக் கூடவே சொல்வார். கேட்டே மனப்பாடம் செய்தவர் அவர்.

வாசிக்கப்போகும் தம்பி, தங்கைகளே, சனிக்கிழமை இரவே உங்கள் பகுதியை வீட்டில் சத்தமாக இரண்டுமுறை வாசித்துப் பாருங்கள். பெயர்கள் தடுக்கினால் என்னிடம் கேளுங்கள். கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் கேட்கும்படி, நிதானமாக வாசியுங்கள்.